வெள்ளெழுத்தும் விமானி மெடிக்கலும்

வெள்ளெழுத்து வந்தால் கிளாஸ் 1 மெடிக்கல், அதாவது விமானிக்கான உடற்தகுதிச் சான்றிதழ், போய்விடுமா? நாற்பதைத் தாண்டிய கேப்டன்களுக்கெல்லாம் இந்தப் பயம் உண்டு. எனக்கும் இருந்தது. போகாது. கண்ணாடியோடு டாக்டரின் எழுத்துப் பலகையில் ஒவ்வொரு கண்ணும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 வரிசை வரை படித்தால் தூரப்பார்வை சரி. கிட்டத்தில் 30 முதல் 50 செ.மீ. தூரத்துக்குள் என்5 என்ற பொடி எழுத்து, ஒரு மீட்டரில் அதைவிடப் பெரிய என்14 எழுத்து படிக்க வேண்டும்.

அந்த ஒரு மீட்டர்தான் என்னைப் படுத்தியது. கண்ணாடிக் கடையில் முதலில் கொடுத்தது பேப்பர் படிக்கிற பவர். அதைப் போட்டால் மடியில் இருக்கும் சார்ட் பளிச்சென்று தெரியும், எதிரே உள்ள காக்பிட் திரைகள் மங்கும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. காக்பிட்டை அவர் எங்கே பார்த்தார்? எனவே நானே அளந்தேன். எங்கள் ஏர்பஸ்ஸில் முன்கண்ணாடிகளுக்கு நடுவே சிவப்பு, வெள்ளை நிறச் சிறு உருண்டைகள் இருக்கும். அவை காட்டும் உயரத்துக்கு இருக்கையை ஏற்றி உட்கார்ந்து, கண்ணிலிருந்து திரை, இரு இருக்கைகளுக்கும் நடுவிலுள்ள பெடஸ்டல், தலைக்கு மேலுள்ள பேனல் எல்லாவற்றுக்கும் டேப் பிடித்துக் குறித்துக்கொண்டேன். அந்தத் துண்டுச்சீட்டைப் பார்த்ததும் கண் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட், மேலிருந்து கீழே பவர் படிப்படியாக மாறும் ப்ரோகிரெசிவ் லென்ஸில் நடுத்தூரம் அகலமாக வரும் வகையை எழுதினார்.

ஒரே தொல்லை மேல் பேனல். கிட்டப் பவர் லென்ஸின் அடியில் இருப்பதால் தாடையைத் தூக்கித்தான் ஸ்விட்ச்சைப் படிக்க வேண்டும். மேலேயும் கிட்டப் பவர் வைத்த லென்ஸ் உண்டு. நிமிர்ந்து வெளியே பார்த்தால் மங்கும் என்பதால் வேண்டாமென்றேன்.

ஒரு கண்ணுக்குத் தூரம், மறு கண்ணுக்குக் கிட்டம் என்று கான்டாக்ட் லென்ஸ் போடலாமே என்றார் நண்பர். அந்தப் பேச்சே வேண்டாம். 1996 அக்டோபரில் டெல்டா ஏர்லைன்ஸின் 554 விமானம், நியூயார்க் லாகார்டியாவில் தாழ்வாக வந்து ஓடுபாதைக்கு முன்னுள்ள விளக்குகளில் மோதியது. கேப்டன் போட்டிருந்தது அந்த மாதிரி லென்ஸ். ஓடுபாதையிலிருந்து விமானம் இருக்கும் நிலையைத் தவறாகக் கணித்தவரால் அதைத் திருத்திக்கொள்ள முடியாமல் போனதற்கு அந்த லென்ஸே காரணம் என்றது அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி.

மெடிக்கலில் எழுத்தெல்லாம் படித்து முடித்ததும், “ஸ்பேர் கண்ணாடி எங்கே?” என்றார் டாக்டர். எடுத்துக் காட்டினேன். கண்ணாடி அணிந்தே பறக்கவேண்டும், ஸ்பேர் கைவசம் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு சான்றிதழ் வந்தது.

கூலிங் கிளாஸ் வாங்கினால் போலராய்டு வேண்டாம், திரைகள் இருண்டு தெரியும். ஃப்ரேமின் கால் மெல்லியதாக இருக்கட்டும். தடித்தால் ஹெட்செட் அழுத்தி அன்றைய இரண்டாவது பயணத்திலேயே காது வலிக்கும். கடையிலேயே ஹெட்செட்டை மாட்டிப் பாருங்கள், சிரித்தால் சிரிக்கட்டும்.