கோட்டைக்குள் ஓர் ஆங்கில வகுப்பு

வேலூர்க் கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுப்பவர்களுக்கு: "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகவே பலர் தலையாட்டுவார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொன்னால், விட்ட இடம் உடனே தெரிந்துவிடும்.

அரபியில் 'பேப்பர்' என்பதன் முதல் ஒலி கிடையாது. அரபி பேசும் மாணவர்கள் அதற்குப் பதில் 'பஸ்'ஸின் முதல் ஒலியைத்தான் போடுவார்கள். உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். சரியாகச் சொன்னால் அது அசையும். எனக்குத் தெரிந்து இதைவிட எளிய பயிற்சி இல்லை.

பண்பாட்டு வகுப்புக்குக் கோட்டையை விட்டால் வேறெது? ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் ஒரே மதிலுக்குள். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். இருவர் இருவராகப் பிரிக்கும்போது ஒரே நாட்டுக்காரர்களைச் சேர்க்க வேண்டாம், தாய்மொழிக்குத் தாவிவிடுவார்கள். அங்கே நடந்த 1806 ஜூலை 10 சிப்பாய் எழுச்சியை ஐந்தே நிமிடம் சொல்லுங்கள். ஆங்கிலேயர் அணியச் சொன்ன புதுத் தலைப்பாகைக்குச் சிப்பாய்களுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று அவர்களே ஆங்கிலத்தில் கேட்கட்டும்.