ஃபுஷிமியில் போன 6,000 யென்னும் ஷினோதா வனத்து நரித்தாயும்

நேற்று இரவு கியோட்டோவில் 6,000 யென்னைப் பறிகொடுத்தேன். நம் பணத்தில் ஏறக்குறைய 3,500 ரூபாய். நரி ஆவிகளைப் பற்றிய கதைகளுடன் இரவு நடை என்று விளம்பரம் பார்த்துப் பதிவு செய்தது. அழைத்துப்போன இடம் ஃபுஷிமி இனாரி கோயில். அங்கே நுழைவுக் கட்டணமே கிடையாது, இரவெல்லாம் திறந்திருக்கும். கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா வழித்தட ரயிலில் இரண்டாவது நிறுத்தமான இனாரி, டிக்கெட் 200 யென்னுக்குள். இறங்கினால் எதிரிலேயே கோயில். விரைவு ரயில் இனாரியில் நிற்காது, சாதாரண வண்டியில் ஏறுங்கள். தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான்.

பணம் போனதைவிட அந்த வழிகாட்டி சொன்ன கதைகள்தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பின. வாசலில் நின்ற கல்நரிகளைக் காட்டி, இதுதான் இனாரி தெய்வம் என்றார். நந்தியைக் காட்டி இதுதான் சிவன் என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? இனாரி நெல்லின் தெய்வம். நரி அதன் தூதர்; அதுவும் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை நரி. ஒரு நரியின் வாயில் சாவி இருக்கிறதே, அது நெற்களஞ்சியத்தின் சாவி. இன்னொன்று நெற்கதிரைக் கவ்வியிருக்கிறது. இதையெல்லாம் ஒரு நிமிடத்தில் கடந்துவிட்டு, ஒன்பது வால் நரியின் கதைக்குப் போய்விட்டார்.

தமாமோ நோ மாயே என்ற பேரழகியாக வந்து தோபா சக்கரவர்த்தியை நோயில் தள்ளிய நரி அது. கொல்லப்பட்ட பிறகு நாசு மலைப்பகுதியில் நச்சுக்கல்லாக மாறியதாம். 2022 மார்ச்சில் அந்தக் கல் இரண்டாகப் பிளந்ததைச் சொல்லி, ஆவி வெளியே வந்துவிட்டது என்று கூட்டத்தை மிரட்டினார். கல்லில் அதற்கு முன்பே விரிசல்கள் இருந்தன. பிறகு என் பக்கம் திரும்பி, "இந்த நரி உங்கள் நாட்டிலிருந்துதான் வந்தது" என்றார். அந்தக் கதை இருப்பது உண்மைதான்: இந்தியாவிலும் சீனாவிலும் அரசர்களைக் கெடுத்துவிட்டு ஜப்பானுக்கு வந்ததாகப் பழங்கதைகள் சொல்கின்றன. ஆனால் நம் நாட்டிலிருந்து போன இன்னொன்றை அவர் சொல்லவே இல்லை. சிலப்பதிகாரத்தில் பிணம் தின்னும் இடாகினிப் பேய் வருகிறதல்லவா? அந்த டாகினிதான் பௌத்தத்தோடு ஜப்பானுக்குப் போய், வெள்ளை நரிமேல் அமர்ந்த தாகினிதென் என்னும் தெய்வமாகி, இனாரி வழிபாட்டோடும் கலந்தாள். எனக்கு மெய்சிலிர்க்க வைப்பது இதுதான்.

இன்று அதிகாலை ஐந்தரைக்குத் தனியாக மறுபடி போனேன். செலவு ரயில் டிக்கெட் மட்டும். மலை 233 மீட்டர்தான். ஆனால் படிகள் முழங்காலைச் சோதிக்கும். தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள், மேலே ஏற ஏற விலையும் ஏறுகிறது. சிவப்பு தோரி வளைவுகள் ஏறத்தாழ பத்தாயிரம் என்கிறார்கள். ஏறும்போது வெறும் சிவப்புதான் தெரிந்தது. இறங்கும்போதுதான் ஒவ்வொரு தூணின் பின்புறத்திலும் காணிக்கை கொடுத்தவரின் பெயரும் நாளும் கறுப்பு எழுத்தில் இருப்பதைப் பார்த்தேன். இரவு நடையில் எங்களை வேறு வழியாக இறக்கிவிட்டதால் இதையும் இழந்திருந்தேன்.

அங்கிருந்து ஒசாகா. தென்னோஜி நிலையத்தருகே ஒரு சிறு கடையில் கிட்சுனே உதோன் (சூப்பில் வரும் தடித்த கோதுமை நூடுல்ஸ்), 750 யென். இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த சாப்பாடு இதுதான், சந்தேகமே இல்லை. கிட்சுனே என்றால் நரி; பொரித்த டோஃபு நரிக்குப் பிடித்த தின்பண்டம் என்ற நம்பிக்கையால் வந்த பெயர். இனிப்பும் உப்புமாக வெந்த அகலமான டோஃபுத் துண்டு கிண்ணத்தையே மூடியிருந்தது. கடித்ததும் உள்ளிருந்து சூடான சாறு பொங்கி வந்தது. கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். சைவர்கள் கவனிக்க: அந்தச் சாற்றில் மீன் இருக்கும்.

தென்னோஜியிலிருந்து ஹன்வா வழித்தடம். ஷினோதா வனத்துக் கோயிலுக்கு கிட்டா ஷினோதா நிலையத்தில் இறங்க வேண்டும். அவசரத்தில் விரைவு வண்டியில் ஏறிவிட்டேன்; அது அங்கே நிற்காமல் இசுமி ஃபுச்சூ வரை போய்விட்டது. எதிர்நடைமேடையில் அரைமணி நேரம் வெயிலில் காத்திருந்து திரும்பினேன். இருந்தாலும் சொல்கிறேன், நரிக்கதைகளுக்காக ஜப்பான் போகிறவர்கள் இந்தச் சின்னக் கோயிலைத் தவறவிடக் கூடாது.

அந்தக் கோயிலின் கதை இது: வேட்டைக்காரர்களிடமிருந்து ஒரு வெள்ளை நரியை அபே நோ யசுனா என்பவன் காப்பாற்றுகிறான். காயம்பட்ட அவனைத் தேடி குட்ஸுனோஹா என்ற பெண் வருகிறாள். மணக்கிறார்கள், ஆண்குழந்தை பிறக்கிறது. ஒருநாள் அவள் நரி என்பது வெளிப்பட்டுவிடுகிறது. பிள்ளையை விட்டுப் பிரியும்போது காகிதக் கதவில் ஒரு பாட்டு எழுதிவைக்கிறாள்: ஏக்கம் வந்தால் தேடி வந்து பார், இசுமியின் ஷினோதா வனத்திற்கு. 1734-இல் ஒசாகாவில் பொம்மலாட்டமாக அரங்கேறிய இந்தக் கதை கபுகி மேடைக்கும் வந்தது. அதில் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு, தூரிகையை வாயில் கவ்வி எழுதுவாள். அந்தப் பிள்ளைதான் அபே நோ செய்மேய், கியோட்டோ அரசவையின் புகழ்பெற்ற சோதிடர் (921–1005).

6,000 யென் வாங்கியவர் இந்தத் தாயைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. கிட்சுனே என்ற சொல்லுக்கே பழந்தொகுப்பு ஒன்று சொல்லும் காரணம் இன்னொரு நரிமனைவியின் கதை. நாய் துரத்தியதும் உருமாறி வேலிமேல் ஏறிவிட்ட அவளிடம் கணவன், "நமக்குள் ஒரு பிள்ளை இருக்கிறது, உன்னை மறக்க மாட்டேன், வந்து உறங்கு" என்கிறான். 'வந்து உறங்கு' என்பதுதான் கி-ட்சு-நே.

கோயிலில் பெரிய கற்பூர மரத்தடியில் என்னைத் தவிர ஒரு மூதாட்டி மட்டுமே இருந்தார். வெயில் அடிக்கும்போதே மழை தூறியது. அவர் வானத்தைக் காட்டி, "கிட்சுனே நோ யோமேயிரி" என்றார். நரி புகுந்தவீடு போகும் கல்யாணம்! எங்கள் ஊரில் காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்போம் என்று கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நிலையம் வரை குடைக்குள் என்னையும் சேர்த்துக்கொண்டு நடந்தார்.

தண்டவாள வேலியில் ஒரு கொடி அடர்ந்து கிடந்தது. அதுதான் குட்ஸு என்று காட்டினார். குட்ஸுனோஹா என்றால் அதன் இலை. ஓர் இலையைப் புரட்டினார், அடிப்புறம் வெளிறியிருந்தது. அந்தப் பாட்டின் கடைசி அடியில் வரும் 'உராமி' என்ற சொல்லுக்குப் பின்புறத்தைப் பார்த்தல் என்றும் மனக்குறை என்றும் இரண்டு பொருள் என்று கைப்பேசியில் தட்டிக் காட்டினார். அப்போது விரைவு வண்டி ஒன்று நிற்காமல் கடந்து போனது. அந்தக் காற்றில் வேலி முழுவதும் இலைகள் ஒருசேரப் புரண்டு வெள்ளையாயின.