ஒரு சாண் குழாய்

ஜூன் 12, ரெய்க்யாவிக், ஐஸ்லாந்து

பயணிகள் கூடாரம் போடும் முகாமில் ஓர் அலமாரி இருக்கிறது. நாட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் மிச்சம் மீதியை அதில் வைத்துவிட்டுப் போகிறார்கள். பாதிப் பொட்டலம் பாஸ்தா, உப்பு, ஒற்றைக் கையுறை. சமையல் அடுப்புக்கான சின்ன கேஸ் டப்பாக்கள்தான் அதிகம், விமானத்தில் ஏற்ற விடமாட்டார்களே. எதில் எவ்வளவு மிச்சம் என்று தெரிய, தண்ணீரில் மிதக்கவிட்டுப் பாருங்கள் என்றார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒருவர். கேஸ் நிறைய இருந்தால் ஆழ்ந்து மிதக்குமாம். இரண்டு எடுத்தேன். மூன்றாவதையும் எடுத்தேன், அப்புறம் திரும்ப வைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லைதான்.

ஜூன் 14, வீக்

மழை. அக்கா இருமுகிறாள்.

ஜூன் 15, ஸ்காஃப்டாஃபெல்

மஞ்சள் எச்சரிக்கை. காற்று நொடிக்கு 20 மீட்டர் என்று போட்டிருந்தது. அதிலென்ன என்றுதான் இருந்தேன். மணிக்கு 72 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்ட பிறகுதான் உறைத்தது. கார்க் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திறக்கிறோம். காற்று பிய்த்துக்கொண்டு போனால் எங்கள் காப்பீட்டில் அது சேராது.

அக்காவுக்குச் சுரம், 38.6 டிகிரி செல்சியஸ். நாளை ஹோஃப்ன் போய்விடலாம் என்கிறாள். போக முடியாது என்று இருவருக்குமே தெரியும்.

ஜூன் 16, அதே இடம்

இரவு இரண்டு மணி. இரவு என்று பழக்கத்தில் எழுதுகிறேன், வெளியே நல்ல வெளிச்சம். கூடாரத்தின் நடுக்கம்பி படீரென்று உடைந்தது. உடைந்த முனை மேல்துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டியது. துணி அக்காவின் முகத்தில் விழுந்து அடிக்க ஆரம்பித்தது. நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விட்டால் போச்சு. எவ்வளவு நேரம் அப்படிப் பிடித்திருக்க முடியும் என்று யோசிக்கக்கூட இல்லை.

வெளியே யாரோ முளைகளைத் திரும்ப அடிக்கும் சத்தம். பக்கத்து வேனில் இருந்தவர். நான் கூப்பிடவே இல்லை. அவர் மனைவி வந்து அக்காவைத் தூக்கப்பையோடு எழுப்பி வேனுக்கு அழைத்துப் போனார். வேன்காரர் தன் பெட்டியிலிருந்து ஒரு சாண் நீள அலுமினியக் குழாயை எடுத்தார். உடைந்த இடத்தின் மேல் அதைச் செருகி, இரண்டு பக்கமும் டேப் சுற்றினார். அப்புறம் கூடாரத்தை அப்படியே திருப்பி, குறுகிய பக்கம் காற்றைப் பார்க்க வைத்தார். முதலிலேயே நான் அப்படித்தான் போட்டிருக்க வேண்டும். அதை அவர் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

அக்கா வேனில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு காலை பத்து வரை தூங்கினாள். அவர்கள் இருவரும் முன் இருக்கைகளில் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறார்கள். இது எனக்குக் காலையில்தான் தெரிந்தது.

ஜூன் 17

போய்விட்டார்கள். செய்திஸ்ஃபியோர்துரில் டென்மார்க் கப்பலைப் பிடிக்க வேண்டுமாம், வேனோடு அதில்தான் வந்தார்களாம். குழாய்க்குப் பணம் நீட்டினேன். அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்து “காற்று குறையும்” என்றார். அவ்வளவுதான். பெயர் கேட்கத் தோன்றவில்லை.

38.1.

ஜூன் 18, ஹோஃப்ன்

சுரம் விட்டது. ஒற்றை வழிப் பாலங்களில் எதிரே வருகிறவர்களுக்காக நின்று நின்று வந்தோம். எதிரே வந்த ஒவ்வொரு வெள்ளை வேனையும் பார்த்தேன். அவர்கள் இதே திசையில் எங்களுக்கு முன்னால் போனவர்கள், எதிரே எப்படி வருவார்கள்?

பணத்தை ஏன் நீட்டினேன் என்று இன்னும் குடைகிறது. அவர் உதவியாகச் செய்ததை நான் ஒரு நிமிடத்தில் கூலி ஆக்கிவிட்டேன். அக்காவிடம் சொன்னேன். “நீ அந்த மூன்றாவது டப்பாவுக்கும் இப்படித்தான் இரண்டு நாள் புலம்பினாய்” என்றாள். உடம்பு தேறிவிட்டது, சந்தேகமில்லை.

ஜூன் 19

கம்பி தாங்குகிறது. நான்கு முறை தொட்டுப் பார்த்தேன்.

ஜூன் 21, மீவட்ன்

பெயருக்கே கொசு மாதிரிச் சின்னப் பூச்சிகளின் ஏரி என்றுதான் பொருளாம். பெரும்பாலும் கடிப்பதில்லை. மூக்கு, காது, கண் எல்லாவற்றிலும் நுழையும், அவ்வளவுதான். எங்களிடம் தலையில் மாட்டிக்கொள்ளும் பூச்சி வலை இரண்டு இருந்தது. சைக்கிளில் வந்த ஒரு பையன் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு அடுப்புப் பற்றவைக்கப் பார்த்தான். கேஸ் தீர்ந்திருந்தது. அக்கா எழுந்து போய் ஒரு டப்பாவையும் தன் வலையையும் கொடுத்துவிட்டு வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிதக்கவிட்டுக்கூடப் பார்க்கவில்லை, கொடுத்தது நிறைந்த டப்பா. எங்களுக்கு மிஞ்சியதில் இன்னும் இரண்டு வேளைக்கு வருமா தெரியவில்லை.

கோபத்தில் சாப்பிடாமல் உள்ளே வந்து படுத்துவிட்டேன். இப்போது வெளியிலிருந்து என் வலையைக் கேட்கிறாள்.