வேலுவே மணலில் 95 கிலோமீட்டர்: மூன்று முறை அழித்து வரைந்த கோடு

தோசைக்கல் போலத் தட்டையான நெதர்லாந்தில் சைக்கிள் ஓட்ட என்ன கஷ்டம் என்று கேட்பவர்களுக்கு, போன வாரத்திலிருந்து என் முழங்கால் சிராய்ப்பைக் காட்டுகிறேன்.

இடம் வேலுவே. பெயரைக் கேட்டால் யாரோ முருகனைக் கூப்பிடுவது போல இருக்கும். ஹெல்டர்லாந்து மாநிலத்தில் காடும் புதர்வெளியுமாகப் பரந்து கிடக்கும் பகுதி. பனியுகத்தில் பனிப்பாறைகள் தள்ளிக் குவித்த மணல்மேடுகள்தான் இங்கே குன்றுகள். மிக உயரமான இடம் சுமார் 110 மீட்டர், அவ்வளவுதான். திட்டம் இதுதான்: ஏடே-வாகனிங்கன் ரயில் நிலையத்தில் கிளம்பி, ஓட்டர்லோ, கோட்வைக், ஹூண்டர்லோ வழியாக வளைந்து, வேலுவேசோம் தேசியப் பூங்காவைக் கடந்து ரேடன் நிலையத்தில் ரயில் ஏற வேண்டும். ஒரே பகல், முடிந்தவரை தார் படாமல்.

இந்த நாட்டின் சைக்கிள் பாதைகளில் உள்ள எண் பலகை முறையை நம்பினால் திட்டமே தேவையில்லை. சந்திக்குச் சந்தி எண் இருக்கும். எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு போனால் பாட்டியும் வழி தவறமாட்டார். ஆனால் அது பெரும்பாலும் வழவழப்பான பாதையிலேயே கொண்டுபோகும். எனவே செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து நானே கோடு வரைந்தேன்.

முதல் கோட்டை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஏ50 நெடுஞ்சாலையைக் கடக்க ஊஸ்டே ஹூவே அருகே புல்லும் மரமும் வளர்ந்த அழகான பாலம் ஒன்று தெரிந்தது. வண்டி வாகனம் ஒன்றும் இல்லை. நமக்கென்றே கட்டியிருக்கிறார்கள் என்று கோட்டை அதன் மேல் இழுத்துவிட்டேன். அது மான்களுக்கும் காட்டுப்பன்றிகளுக்கும் 1988இல் கட்டிய பாலம். மனிதர்களுக்கு அனுமதி இல்லை. கோட்வைக் மணல்வெளியிலும் இதே கதைதான். மேற்கு ஐரோப்பாவிலேயே பெரிய நகரும் மணல்வெளி அது, சுமார் 700 ஹெக்டேர். அதன் நடுவில் நேர்கோடு போட்டிருந்தேன். அங்கே நடக்கலாம், சைக்கிளுக்குப் பாதை கிடையாது. இரண்டாவது கோடு விளிம்போடு சுற்றிப் போனது. பழைய காலத்தில் ஆடு மேய்த்தும் புல்தரையைப் பாளம் பாளமாக வெட்டியெடுத்தும் மண்ணை மொட்டையாக்கியதால் கிளம்பிய மணலாம். இன்று அதையே பொக்கிஷமாகப் பாதுகாக்கிறார்கள்.

போன வாரம் பாதி வழி மட்டும் ஓட்டிப் பார்த்தேன். வார நாளில் காலை ஆறரை முதல் ஒன்பது வரை ரயிலில் சைக்கிள் ஏற்ற முடியாது என்பதால் தாமதமாகத்தான் கிளம்பினேன். கிங்கல்சே ஹெய்டே புதர்வெளி வரை குஷியாகப் போனேன். அதன்பின் கோடு ஒரு வெள்ளைப் பாதைக்குள் திரும்பியது. திரையில் அகலமாக, பளிச்சென்று இருந்த அதே பாதை. முன்சக்கரம் மாவில் விரல் போல இறங்கியது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததுதான் தப்பு. சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. பிறகு இரண்டு கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு நடந்தேன். எதிரே குதிரையில் வந்த அம்மையார், இது எங்கள் பாதை என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அன்று கற்றது: படத்தில் எவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறதோ அவ்வளவு மோசமான மணல். மங்கலான, ஒல்லியான பழுப்புக் கோடுதான் ஓட்டத்தக்கது. என் 45 மி.மீ. டயரில் காற்றை 40 பி.எஸ்.ஐ.யிலிருந்து 28க்கு இறக்கியதும் சைக்கிள் வேறு பிராணியாகிவிட்டது. டியூப் இல்லாத டயர் என்பதால் அவ்வளவு இறக்க முடிந்தது. மணலில் பின்னால் சாய்ந்து, கைப்பிடியைத் தளர விட்டு, லேசான கியரில் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் நடைதான்.

வழியில் காளான் வடிவத்தில் தரையோடு நிற்கும் வழிகாட்டிக் கற்களைப் பார்த்தேன். டச்சு மொழியில் காளானுக்குப் பெயர் பாடன்ஸ்டூல், அதாவது தேரைகளின் நாற்காலி. தேரைக்கும் பாதைக்கும் அவர்களிடம் ஒரே சொல், பாட். தேரை போலத் தத்தித் தத்திப் போனவனுக்கு அது பொருத்தமாகவே பட்டது.

மூன்றாவது கோட்டில் குதிரைப் பாதைகளை எல்லாம் எடுத்துவிட்டேன். ரேடியோ கோட்வைக்கை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. ஜாவாவோடு பேசுவதற்காக 1920களில் காட்டு நடுவே எழுப்பிய கான்கிரீட் நிலையம் அது. ஐந்து கிலோமீட்டர் சுற்றானாலும் அதன் நிழலில்தான் மதியச் சாப்பாடு. ஹோகே வேலுவே பூங்காவை விட்டுவிட்டேன். நுழைவுக் கட்டணம் கட்டி உள்ளே போனால் அங்குள்ள ஓவியக் கூடத்தையும் பார்க்கத் தோன்றும். அன்றைய பொழுது அங்கேயே போய்விடும்.

தேதிதான் இழுபறியாக இருந்தது. ஆகஸ்டு கடைசியில் ஹீதர் புதர்ச்செடி பூத்து, வேலுவேசோம் பூங்காவின் போஸ்பாங்க் மேடே ஊதா நிறமாகும், கூட்டமும் அப்படியே. செப்டம்பரில் செம்மான்கள் துணை தேடும் காலம். அப்போது அவற்றைக் கலைக்க மனமில்லை. ஆகவே அக்டோபர் முதல் சனிக்கிழமை. மாலை ஏழு மணியளவில் இருட்டிவிடும். காப்புப் பகுதிகளில் சூரிய உதயம் முதல் மறைவு வரைதான் அனுமதி என்று பலகை வைத்திருக்கிறார்கள். போஸ்பாங்க் ஏற்றத்தை எண்பதாவது கிலோமீட்டரில், ஐந்து மணிக்குள் தொட வேண்டும்.

உண்ணி எடுக்கும் கொக்கி வாங்கிவிட்டேன். பெல் இன்னும் வாங்கவில்லை. பயணத்துக்கு முந்தைய நாள் நல்ல மழை பெய்தால் மணல் இறுகும். மற்றவர்கள் வெயிலை எதிர்பார்த்துத் திறக்கும் வானிலைப் பக்கத்தை நான் மழைக்காகத் தினமும் மூன்று முறை திறந்து பார்க்கிறேன்.