களி கிண்டும் கை

வேலூரில் ஆக்குபேஷனல் தெரபி படிப்பை முடித்துவிட்டு 2009-இல் தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணிக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே, காரிமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, பக்கவாதத்தால் வலது கை செயலிழந்த ஓர் அம்மாவை அவருடைய மகன் என்னிடம் அழைத்து வந்தார். கல்லூரியில் கற்றபடியே பிளாஸ்டிக் கூம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும், துளையிட்ட பலகையில் மரமுளைகளைச் செருகவும் அவருக்குப் பயிற்சி கொடுத்தேன். மூன்று வாரங்கள் பேசாமல் செய்தார். நான்காவது வாரம் வரவில்லை. மகனைக் கைப்பேசியில் அழைத்தபோது, "அம்மாவுக்கு இதுல மனசில்லைங்க மேடம். களி கிண்ட முடியல, புளி தட்டப் போக முடியல, அங்க போய் சின்னப் புள்ளைங்க மாதிரி வெளையாடிட்டு வர்றேன்னு அழுவுறாங்க" என்றார்.

அந்த அம்மாவுக்கு எந்த வேலை திரும்ப வேண்டும் என்று மூன்று வாரங்களில் ஒருமுறைகூட நான் கேட்டிருக்கவில்லை. என் தொழிலின் முதல் கேள்வியே அதுதான் என்று நான்கரை ஆண்டுகள் படித்திருந்தும் கேட்கவில்லை.

ஆக்குபேஷனல் தெரபி என்பதைத் தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்றும் செயல்முறை சிகிச்சை என்றும் எழுதுகிறார்கள். இதில் தொழில் என்பது சம்பளத்துக்குச் செய்யும் வேலையை மட்டும் குறிப்பதில்லை. பல் துலக்குவது, சேலை கட்டுவது, பேரனைத் தூக்குவது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது என ஒரு மனிதர் தம்முடையது என்று கருதிச் செய்யும் எல்லாமே அதில் அடங்கும். இயன்முறை சிகிச்சையாளர் தசையின் வலுவையும் மூட்டின் அசைவையும் மீட்டுத் தர, அந்த வலுவையும் அசைவையும் கொண்டு அன்றாடச் செயலை மீண்டும் செய்ய வைப்பதும், அவை முழுவதும் மீளாதபோது செயலையோ கருவியையோ வீட்டையோ மாற்றியமைப்பதும் எங்கள் வேலை. இந்தியாவில் இதற்கான முதல் பள்ளியை 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியவர், அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்த கமலா நிம்ப்கர். 1952-இல் இத்துறைக்கான உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதைத் தொடங்கிய பத்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்றாக இருந்தது. இவ்வளவு பழைய துறையாக இருந்தும், தருமபுரியில் என்னைப் பார்க்க வருகிறவர்களுள் பெரும்பாலோர் இன்றும் என்னைப் "பிசியோ டாக்டர்" என்றே அழைக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்றாலும், இரண்டும் வெவ்வேறு என்பதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் உட்கார்ந்து விளக்குகிறேன்.

மகன் சொன்னதைக் கேட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேருந்து பிடித்து அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். களி கிண்டுவதை ஒரு சிகிச்சையாளரின் கண்ணோடு நான் பார்த்தது அன்றுதான். பாட்டி வீட்டிலும் அம்மாவின் அடுக்களையிலும் ஆயிரம் முறை பார்த்திருந்தாலும், அதில் எத்தனை அசைவுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்ததில்லை. கொதிக்கும் நொய்யில் கேழ்வரகு மாவைக் கொட்டி, துடுப்பால் நடுவே குத்தி, வெந்ததும் பானையை இறக்கித் தரையில் வைத்து, அது நகராதபடி பார்த்துக்கொண்டு இரண்டு கைகளாலும் கட்டியில்லாமல் கிண்ட வேண்டும். தோளும் முழங்கையும் ஒன்றுசேர இயங்க வேண்டும். பிடி தளரக் கூடாது. குனிந்த முதுகு நிலைகுலையக் கூடாது. பக்கவாதம் வந்த கையை எடை தாங்க வைப்பதும், நல்ல கையோடு சேர்த்து ஒரே பொருளைப் பிடிக்க வைப்பதும் நாங்கள் மருத்துவமனையில் மேசைமேல் செய்ய வைக்கும் பயிற்சிகள். அவை இரண்டும் அந்தத் துடுப்பிலேயே இருந்தன.

முதலில் அடுப்பில்லாமல், பாதிப் பானை ஈர மணலை வைத்துத் தொடங்கினோம். விரல்கள் பிடிக்க மறுத்ததால் துடுப்பின் மேற்பகுதியில் பழைய துணியைச் சுற்றிப் பருமனாக்கி, வலது கையை அதன்மேல் வைத்து இடது கையால் மூடிப் பிடிக்கச் சொன்னேன். பானை நழுவாமல் இருக்க, ஊரிலிருந்த பட்டறையில் மூன்று கால் வைத்த இரும்பு வளையம் ஒன்றை மகன் அடித்து வாங்கி வந்தார். அந்தக் கையில் சூடு உணரும் தன்மை குறைந்திருந்ததால், களி தெறித்தால் கொப்புளம் வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். அதனால் முழங்கை வரை பருத்தித் துணி உறை தைத்துப் போட்ட பிறகே சூடான பானைக்குப் போனோம். ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆயின. விரல்களின் நுண்ணிய அசைவு அவருக்கு முழுமையாகத் திரும்பவே இல்லை. ஆனால் இரண்டு பேருக்கான களியை அவர் கிண்டினார்; புளியங்கொட்டை எடுக்கும் கூட்டத்தில் போய் உட்கார்ந்து, இடது கையால் சுத்தியலைப் பிடித்துத் தட்டவும் பழகிக்கொண்டார். கூம்பு அடுக்கும்போது இறுகியே இருந்த அவருடைய முகத்தை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

பின்னர் யோசித்தபோது, வேலூர் எனக்கு இதைச் சொல்லிக் கொடுக்காமல் இல்லை என்பது புரிந்தது. 1954-இல் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, அதன்பின் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் உருவாக்கி, 1966-இல் வேலூர் பாகாயத்தில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்தில்தான் நான் பயிற்சி பெற்றேன். அவருக்கு வழிகாட்டியாக இருந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு, தசையை எலும்போடு இணைக்கும் வேறொரு தசைநாணை மாற்றிப் பொருத்தும் சிகிச்சையை வேலூரில் வளர்த்தெடுத்தவர். அப்படி மாற்றிய தசைநாணுக்கு அதன் புதிய வேலையைப் பழக்க வேண்டும். உணர்வற்ற கைகள் புண்படாதபடி கருவிகளின் கைப்பிடிகளையும் மாற்ற வேண்டும். அறுவை சிகிச்சையோடு கை திரும்பிவிடுவதில்லை, அந்தக் கை எந்த வேலைக்குப் போகப் போகிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கப்பட வேண்டும் என்று எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான் அதைத் தேர்வுக்காக எழுதினேன், காரிமங்கலத்தில்தான் கற்றேன்.

2014-இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு வேலைக்குப் போனேன். அந்நாட்டின் முதல் ஆக்குபேஷனல் தெரபி பள்ளியை டாக்டர் எலிசபெத் கேசன் 1930-இல் தொடங்கியது அந்த ஊரில்தான். அங்கே ஒரு முதியவரை வீட்டுக்கு அனுப்பும் முன் மருத்துவமனைச் சமையலறையில் ஒரு கோப்பை தேநீர் போடச் சொல்வது வழக்கம். கெட்டிலில் நீர் நிரப்புவதிலிருந்து கோப்பையை மேசைக்குக் கொண்டுவருவது வரை கவனித்தால், கையின் வலு, நினைவாற்றல், வேலைகளை வரிசைப்படுத்தும் திறன், ஆபத்தை உணரும் தன்மை ஆகிய அனைத்தும் தெரிந்துவிடும். முதன்முறை அதைப் பார்த்தபோது எனக்குத் துடுப்புதான் நினைவுக்கு வந்தது. அங்கே என்னை மிகவும் கவர்ந்தது, சட்டம் எங்களுக்குத் தந்திருந்த இடம். குளியலறைக் கைப்பிடி, படிக்கட்டுக் கம்பி போன்ற ஆயிரம் பவுண்டுக்கு உட்பட்ட சிறு மாற்றங்களுக்குத் தகுதியுள்ள ஒருவரிடம் உள்ளாட்சி நிர்வாகம் கட்டணம் வாங்கக் கூடாது. நான் அளந்து எழுதிக் கொடுத்த கைப்பிடியைச் சில நாட்களில் ஒருவர் வந்து பொருத்திவிட்டுப் போவதைக் காணும்போதெல்லாம், எங்கள் ஊர்க் கழிவறைகளை நினைத்துக்கொள்வேன்.

2019-இல் திரும்பி வந்தேன். பெற்றோருக்கு வயதாகிவிட்டது ஒரு காரணம். இங்கே எங்கள் துறையில் ஆட்கள் குறைவு என்பது மற்றொன்று.

இந்த மாவட்டத்துக்கென்றே ஒரு துன்பம் உண்டு. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருந்ததால், பல ஊர்களில் ஒரு தலைமுறையே பழுப்பேறிய பற்களோடு வளர்ந்தது. சிலருக்கு அது எலும்பிலும் தசைநார்களிலும் படிந்து கழுத்தையும் முதுகையும் இறுக்கிவிட்டது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டு, காவிரி நீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வந்தது. இன்றைய குழந்தைகளுக்கு அது பெரிய காப்பு. ஆனால் ஏற்கெனவே இறுகிப்போன முதுகெலும்பைப் பழையபடி நெகிழவைக்கும் மருந்து இல்லை. குனியவும் குந்தவும் முடியாத ஒரு விவசாயிக்கு நீண்ட பிடி போட்ட களைக்கொத்தும், நாற்காலி உயரக் கழிவறை இருக்கையும், அமர்ந்து குளிக்க ஒரு முக்காலியும் கிடைத்தால், அவருடைய ஒரு நாள் எவ்வளவு மாறுகிறது என்பதைப் பென்னாகரம் வட்டத்தில் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். மருத்துவம் கைவிரித்த இடத்தில் ஒரு தச்சரும் ஒரு கொல்லரும் நானும் சேர்ந்து செய்யக்கூடியது இன்னும் நிறைய இருக்கிறது.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, இயன்முறை சிகிச்சையாளர் ஒருவரும் சிறப்பாசிரியர் ஒருவரும் நானும், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் வீடுகளுக்கு ஊதியமின்றிச் சென்று வருகிறோம். கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமங்களிலிருந்து எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்தபடி பேருந்து மாறி மாறி நகரத்துக்கு வரும் தாய், இரண்டு முறை வருவார், மூன்றாம் முறை வரமாட்டார். அவரைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை, நாம்தான் போக வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் தொடங்கி வைத்தபோது, வீட்டுக்கே சென்று இயன்முறை சிகிச்சை அளிப்பதும் அதில் சேர்ந்திருந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். எங்கள் துறையும் அவ்வாறு ஊர் ஊராகப் போக வேண்டும் என்பது என் தீராத ஆசை.

தொண்டு என்ற பெயரில் நடப்பவற்றில் என்னால் ஏற்க முடியாத ஒன்றும் உண்டு. ஒரு முகாமில் ஆறு வயதுச் சிறுமிக்குப் பெரியவர்களுக்கான சக்கர நாற்காலியை அளவெடுக்காமல் கொடுத்து, மாலை போட்டுப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். கால்கள் தொங்க, உடல் ஒருபுறம் சாய அவள் அதில் ஓராண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பார்த்தபோது முதுகு வளையத் தொடங்கியிருந்தது. அளவெடுப்பதும், பொருத்திப் பார்ப்பதும், பயன்படுத்தக் கற்றுத் தருவதும், பின்னர் வந்து சரிபார்ப்பதும் இல்லாமல் நாற்காலி கொடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2008-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. கொடுத்தவர்களின் நல்ல எண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தையின் முதுகை நல்ல எண்ணம் தாங்கவில்லை.

அவளுக்கு இப்போது பழைய அட்டைப்பெட்டிகளையும் செய்தித்தாள்களையும் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த, முதுகையும் இரு பக்கங்களையும் தாங்கும் மூலை நாற்காலி ஒன்று இருக்கிறது. அவளுடைய தாயே எங்களோடு உட்கார்ந்து ஒட்டினார். என்ன செய்ய ஆசை என்று அவளிடம் கேட்டபோது, அம்மா பூக்கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பூ எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று திக்கித் திக்கிச் சொன்னாள். அவள் வளர்ந்துவிட்டதால் கால்பலகையை இரண்டு விரற்கடை இறக்க வேண்டும். மடிமேல் வரும் பலகையின் முன்விளிம்பில், பூ உருண்டு விழாதபடி ஒரு சிறு வரம்பும் ஒட்ட வேண்டும். வருகிற இரண்டாம் ஞாயிறு பசையும் அட்டையும் எடுத்துக்கொண்டு போகிறோம்.