நாலு பென்னித் தலைவலி: சர்ச்சில் ஃபிரேம் இதுவரை

கண்காட்சிக்கு சர்ச்சில் ஸ்டாம்ப்களை வைத்து ஒரு ஃபிரேம் (பதினாறு பக்கம் அடுக்கும் காட்சிப் பலகை) தயார் செய்துகொண்டிருக்கிறேன். அதற்கு வேண்டிய டிம்ஸன், அதாவது 4 பென்னி சர்ச்சில் ஸ்டாம்பின் இரண்டு அச்சு வகைகளில் ஒன்று, ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. காசு கொடுத்துத் தனியாக வாங்கிய ஸ்டாம்ப் இல்லை. எடைக்கு வாங்கிய பிரிட்டிஷ் கலவையில், கவர்த் துண்டோடு ஒட்டிக் கிடந்தது. இதற்கு முன்னால் ஆன்லைன் வியாபாரி ஒருவர் ‘டிம்ஸன், உத்தரவாதம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு அனுப்பியதெல்லாம் அப்பட்டமான ரெம்பிராண்ட், அதாவது மற்ற வகை. கேட்டால், “கேட்லாக்கைப் பாருங்க சார்” என்று எனக்கே பாடம் எடுத்தார். பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன் ஐயா!

விஷயம் தெரிந்தவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். 1965 ஜூலை 8 அன்று வந்த சர்ச்சில் நினைவு ஸ்டாம்ப், 4 பென்னி. ஹாரிசன் கம்பெனி இதை இரண்டு எந்திரங்களில் அடித்தது. ரெம்பிராண்ட்டில் தாள் தாளாகப் போகும், டிம்ஸனில் சுருளாக ஓடும். கூட வந்த 1 ஷில்லிங் 3 பென்னியில் இந்தத் தொல்லை கிடையாது.

வித்தியாசத்தை எழுதுவது சுலபம். டிம்ஸனில் நெற்றிச் சுருக்கம் தெரியும், அவருடைய இடது புருவம் (நமக்கு வலப்பக்கம்) முழுதாக இருக்கும், கன்னத்தில் நிழல் கூடுதல், ஸ்டாம்பிலுள்ள ராணி எலிசபெத்தின் தலை வெளிறலாகவும் கூர்மையாகவும் இருக்கும். ரெம்பிராண்ட்டில் முகம் மொழுக்கென்று இருக்கும், ராணி மங்கலாகச் சொரசொரவென்று தெரிவார். இவ்வளவுதான். ஆனால் கையில் ஒற்றை ஸ்டாம்பை வைத்துக்கொண்டு ‘நிழல் கூடுதலா, குறைவா’ என்று யாரிடம் கேட்பது? எதைவிடக் கூடுதல்?

இதில் பெரிய எதிரி தபால் நிலையத்தில் குத்தும் முத்திரைதான். அந்த வருஷம் மே மாதம் பிரிட்டனில் சாதாரணக் கடிதத்துக்குக் கட்டணம் 4 பென்னி ஆகியிருந்தது. அதனால் இந்த ஸ்டாம்ப் அன்றாடக் கடிதங்களில் ஏராளமாகப் போனது, பெரும்பாலும் மெஷின் முத்திரைதான். அந்த அலைக்கோடுகள் சொல்லிவைத்தாற்போல் நெற்றியிலேயே வந்து விழும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் எது சுருக்கம், எது அலைக்கோட்டின் விளிம்பு என்றே தெரியாது. நான் இப்போது நெற்றியை நம்புவதே இல்லை. முதலில் ராணி, அப்புறம் புருவம், கடைசியில்தான் நெற்றி. ராணி கூர்மையாக இல்லையென்றால் மேற்கொண்டு பார்க்காமல் ஒதுக்கிவிடுகிறேன்.

வெளிச்சமும் முக்கியம். எல்இடி விளக்கில் ஸ்டாம்பின் ஆலிவ் பழுப்பு நிறம் ஒரு மாதிரி செத்துப்போய்த் தெரிகிறது. காலை ஜன்னல் வெளிச்சத்தில், நிச்சயமான ரெம்பிராண்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சட்டென்று பிடிபடும். பாஸ்பர் கோடுகளை (தபால் பிரிக்கும் எந்திரம் கண்டுபிடிக்க ஸ்டாம்பில் அடித்த பட்டைகள்) பார்க்கவும் அதே ஜன்னல் போதும், ஸ்டாம்பைச் சாய்த்தால் பட்டை தெரியும். அதற்காக யூவி விளக்கு வாங்கிய காசை நினைத்தால் வயிறு எரிகிறது. இன்னொன்று, ஸ்கேனரில் ‘ஆட்டோ கரெக்ஷன்’ இருந்தால் அணைத்துவிடுங்கள். அது பாட்டுக்கு கான்ட்ராஸ்ட்டை ஏற்றி, ரெம்பிராண்ட் நெற்றியிலும் சுருக்கம் வரவழைத்துவிடும். வியாபாரிகள் போடும் படங்களில் பாதி இந்த ரகம்.

அந்த நெற்றிச் சுருக்கத்துக்கு இவ்வளவு மல்லுக்கட்டுவதில் ஒரு வேடிக்கை உண்டு. டேவிட் ஜென்டில்மேன் இந்த ஸ்டாம்பை வடிவமைத்தது யூசுஃப் கார்ஷ் எடுத்த படத்தை வைத்து. கார்ஷ் என்றாலே 1941 டிசம்பர் 30, ஒட்டாவாதான். கனடா நாடாளுமன்றத்தில் பேசிவிட்டு வந்த சர்ச்சில் வாயில் சுருட்டோடு நிற்கிறார். கார்ஷ் நேரே போய், மன்னிப்புக் கேட்டபடியே சுருட்டைப் பிடுங்கிவிட்டு கேமராவை அழுத்தினார். பிரதமர் முறைத்த முறைப்பு உலகப் புகழ் பெற்றது. கோபம் தெரிந்தால் டிம்ஸன், தெரியாவிட்டால் ரெம்பிராண்ட் என்றே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

சரி, ஃபிரேம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்கிறேன். பதினாறு பக்கம், ஒரே மனிதரின் அரசியல் வாழ்க்கை. இறந்தபின் வந்த ஸ்டாம்ப்களை மட்டும் அடுக்கினால் பதினாறு பக்கமும் ஒரே முகம்தான், நடுவர்கள் கொட்டாவி விடுவார்கள். அதனால் தேர்தல் கதையை ஊர் முத்திரைகளில் சொல்லப் பார்க்கிறேன். 1900இல் கன்சர்வேடிவ் கட்சி சார்பில் ஜெயித்த ஓல்டம்: விக்டோரியா காலத்து ஊதா ஒரு பென்னியில் ஓல்டம் முத்திரை, கிடைத்துவிட்டது, மலிவு. 1904இல் லிபரல் பக்கம் தாவினார். 1906இல் மான்செஸ்டர்: மன்னர் ஏழாம் எட்வர்ட் காலத்துச் சிவப்பு ஸ்டாம்ப், அதுவும் இருக்கிறது. அப்புறம் ஸ்காட்லாந்தின் டண்டீ தொகுதி, 1908 முதல் 1922 வரை.

டண்டீக்கு எனக்கு 1922 நவம்பர் முத்திரைதான் வேண்டும், வேறு எதுவும் ஆகாது. குடல்வால் அறுவை முடிந்து பிரசாரத்துக்கே தாமதமாகப் போய்ச் சேர்ந்தவரை அங்கே தோற்கடித்தவர்களில் ஒருவர் ஸ்க்ரிம்ஜர், மதுவிலக்குக்காரர். மதுப்பிரியர் சர்ச்சிலைப் போய் மதுவிலக்குக்காரர்! ‘பதவி இல்லை, தொகுதி இல்லை, கட்சி இல்லை, குடல்வாலும் இல்லை’ என்று அவரே பிறகு எழுதினார். அந்தப் பக்கத்துக்குத் தலைப்பு தயார், ஸ்டாம்ப்தான் இல்லை. ஐந்தாம் ஜார்ஜ் ஸ்டாம்பில் டண்டீ முத்திரை வேண்டிய மட்டும் கிடைக்கிறது, ஆனால் தேதி தெளிவாக விழுந்த நவம்பர் மட்டும் சிக்கவில்லை.

முதல் உலகப் போரில் துருக்கியில் நடந்த கலிபோலிச் சண்டைக்கு எளிய வழி கிடைத்தது. 1915 டார்டனெல்ஸ் தாக்குதலைக் கடற்படை அமைச்சராக முன்னின்று தள்ளியவர் அவர், அதிலேயே பதவியும் போனது. அதன் ஐம்பதாவது ஆண்டுக்கு, 1965இல், ஆஸ்திரேலியா, அங்கே காயம்பட்டவர்களைக் கழுதைமேல் ஏற்றிக் கொண்டுவந்த சிப்பாய் சிம்ப்ஸனைக் கழுதையோடு போட்டு மூன்று ஸ்டாம்ப்கள் வெளியிட்டது. அதே ஆஸ்திரேலியா அதே வருஷம் சர்ச்சிலுக்கும் ஓர் அஞ்சலி ஸ்டாம்ப் போட்டது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே ஒட்டிவிட்டேன், கீழே ஒரு வரிகூட எழுதவில்லை. இந்த ஃபிரேமில் எனக்குப் பிடித்த பக்கம் இதுதான்.

காந்தியையும் உள்ளே கொண்டுவந்தாயிற்று. 1931இல் ‘அரை நிர்வாணப் பக்கிரி’ என்று அவரை ஏளனம் செய்த மனிதரின் ஃபிரேமில், 1969இல் பிரிட்டிஷ் தபால் துறையே வெளியிட்ட காந்தி நூற்றாண்டு ஸ்டாம்ப். வடிவமைத்தவர் பிமன் மல்லிக். பொருத்தமாக இல்லையா?

வங்கப் பஞ்சம்தான் இன்னும் காலிப் பக்கம். 1943இல் 20 முதல் 30 லட்சம் பேர் வரை செத்தார்கள். தானியம் கொண்டுவரக் கப்பல் கேட்டபோது லண்டன் போர் அமைச்சரவை மறுபடி மறுபடி கையை விரித்தது. சர்ச்சிலின் பங்கு எவ்வளவு என்று வரலாற்றாசிரியர்கள் இன்னமும் மோதிக்கொள்கிறார்கள். பக்கமே வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது. அதற்கு நான் தேடுவது 1943 கடைசி மாதங்களில் கல்கத்தாவிலிருந்து போன, தணிக்கைச் சீட்டு ஒட்டிய கவர் ஒன்று. போர்க்காலத் தணிக்கைக் கவர்கள் அபூர்வம் இல்லை. ஆனால் கல்கத்தா என்றதும் விலையை ஏற்றிவிடுகிறார்கள்.

வாங்கவே கூடாத சரக்கு பற்றியும் இரண்டு வார்த்தை. அஜ்மான், ஷார்ஜா என்ற குட்டி வளைகுடா நாடுகளின் பெயரில் அறுபதுகளில் வந்த சர்ச்சில் ஸ்டாம்ப்களை யாராவது கட்டுக்கட்டாகத் தள்ளினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பளபளப்பாக இருக்கும், எல்லாம் சேகரிப்பாளர் பையைக் குறிவைத்து அடித்தது. அதே மாதிரி சர்ச்சில் தலை போட்ட 1965 பிரிட்டிஷ் கிரௌன் நாணயம். வெள்ளி என்று சொல்லி விற்பார்கள். அது செம்பு நிக்கல், அடித்தது கிட்டத்தட்ட இரண்டு கோடி. நாணயத்துக்கு ஃபிரேமில் இடமும் கிடையாது.

அமெரிக்காவின் 5 சென்ட் சர்ச்சில் ஸ்டாம்புக்கான பக்கம் முடிந்தது. அது வெளியான ஊர் மிசௌரியிலுள்ள ஃபுல்டன், 1946இல் சர்ச்சிலின் இரும்புத்திரைப் பேச்சு நடந்த அதே ஊர். எனவே முதல் நாள் கவரே அந்தப் பக்கத்தின் வேலையைச் செய்துவிடுகிறது.

அடுத்தது பிரிட்டன் 1974இல் போட்ட சர்ச்சில் நூற்றாண்டு செட். 10 பென்ஸில் 1899 தென்னாப்பிரிக்கப் போர் நிருபர், 8 பென்ஸில் 1919இன் போர் மற்றும் விமானத்துறை அமைச்சர், ஐந்தரை பென்ஸில் 1940 பிரதமர். ஆள் மேலே போகப் போக மதிப்பு இறங்குகிறது! நாலரை பென்ஸில் படகு கிளப் சீருடையில் நிற்கிறார், அதை எங்கே சொருகுவது என்றுதான் முடிவாகவில்லை. செட்டைப் பிரித்து நாலு பக்கத்தில் போடலாமா, சேர்த்து வைப்பதா என்று நண்பர்கள் இரண்டு கட்சி. நான் பிரிக்கும் கட்சி.

இதற்கிடையில் பிரான்ஸ் 1971இல் டி கோலுக்குப் போட்ட நாலு ஸ்டாம்ப் வரிசையை வேறு வாங்கி வைத்திருக்கிறேன். அது தனி ஃபிரேம் ஆகும், இப்போதைக்குத் தொடப்போவதில்லை. முதலில் டண்டீ நவம்பர் முத்திரை. யாரிடமாவது தேதி தெளிவாக உபரி இருந்தால் சொல்லுங்கள், பதிலுக்கு ரெம்பிராண்ட் எத்தனை வேண்டுமானாலும் தருகிறேன்.