ஐந்தால் வகுப்பதற்கு முன்

டிப்ளமோ சிவில் படித்தபோது எங்கள் சர்வே கேம்ப் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைச் சரிவில் நடந்தது. ஐந்து ஸ்டேஷன் (கருவி வைக்கும் புள்ளிகள்), அவற்றைச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் மூடிய டிராவர்ஸ், 20 விநாடி வரை கோணம் காட்டும் வெர்னியர் தியோடலைட். ஐந்து பக்கம் என்றால் உட்கோணங்களைக் கூட்டி 540 டிகிரி வர வேண்டும். எங்களுக்கு வந்தது 540 டிகிரி 3 நிமிடம் 20 விநாடி.

"மொத்தம் 200 விநாடிதானே? அஞ்சால வகுத்து ஆளுக்கு 40 கழிச்சுருவோம்டா" என்றான் குழுவில் ஒருவன். மஞ்சு ஏறிக்கொண்டிருந்தது, குளிர் வேறு. எனக்கும் சரி என்றுதான் பட்டது.

அனுமதிக்கும் பிழை எவ்வளவு என்று முதலில் போட்டிருக்க வேண்டும். கருவி காட்டும் மிகச் சிறிய அளவை, அதாவது மீச்சிற்றளவான 20 விநாடியை, ஸ்டேஷன் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் சுமார் 45 விநாடி. 200 எங்கே, 45 எங்கே! அதைப் பங்கு போட்டால், தப்பு செய்யாத நான்கு கோணங்களையும் சேர்த்துக் கெடுத்ததாகிவிடும்.

மலையில் தப்பைத் தேடுவதென்றால் குட்டையான பக்கத்தில் தொடங்குங்கள். எங்கள் சி ஸ்டேஷனிலிருந்து டி ஸ்டேஷன் வெறும் 18 மீட்டர். டியில் குறிக்காக நிறுத்திய கம்பான ரேஞ்சிங் ராடின் அடி தேயிலைச் செடிக்குள் மறைந்திருந்ததால், நெஞ்சளவு உயரத்தைப் பார்த்து ரீடிங் எடுத்திருந்தோம். ராடு ஒன்றரை சென்டிமீட்டர் பக்கவாட்டில் சாய்ந்தாலே அந்தத் தூரத்தில் 170 விநாடி போய்விடும். செடியை விலக்கி, டியைக் குறிக்க அடித்த முளையின் தலைக்கு நேரே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதன் நூலைப் பார்த்து சி கோணத்தை மறுபடி எடுத்தோம். 2 நிமிடம் 50 விநாடி குறைந்தது. மிச்சம் 30 விநாடி. இப்போது வகுக்கலாம்: ஒவ்வொரு கோணத்திலும் 6 விநாடி கழிவு. கூடுதலாக வந்தால் கழிக்க வேண்டும், குறைந்தால் கூட்ட வேண்டும். பரீட்சைப் பதற்றத்தில் இந்தக் குறியை மாற்றிப் போடுகிறவர்கள் நிறைய. திருத்திய கோணங்களைக் கூட்டி 540 வந்த பிறகே பேரிங் (திசைக்கோணம்) கணக்குக்குப் போங்கள்.

சரிவில் டிரைபாட் வைக்கும்போது இரண்டு கால் கீழ்ப்பக்கம், ஒன்று மேற்பக்கம். மழை ஈரத்தில் கீழ்க்கால் மெல்ல இறங்கும். ஒவ்வொரு ரீடிங்குக்கும் முன், கருவியின் மட்டம் காட்டும் குமிழியான பிளேட் பபிளைப் பாருங்கள்.

அப்புறம், ஃபீல்டு புக்கில் தப்பான ரீடிங்கை ரப்பரால் அழிக்காதீர்கள். ஒற்றைக் கோடு அடித்து, புதியதை மேலே எழுதினால் போதும். வைவாவில் (வாய்மொழித் தேர்வு) வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் என் புத்தகத்தைப் புரட்டி அந்தக் கோட்டில்தான் விரல் வைத்தார். "ஃபேஸ் லெஃப்ட், ஃபேஸ் ரைட் ரெண்டும் எடுத்திருக்கியே, பிழை ஏன் போகல?" டெலஸ்கோப்பைப் புரட்டி ஒரே கோணத்தை இரண்டு முறை அளப்பதைத்தான் கேட்டார்.

"ஃபேஸ் மாத்தினா கருவியோட கோளாறுதான் சார் போகும். ராடு சாய்ஞ்சது சாய்ஞ்சபடியேதான இருக்கும்?"

அடுத்த கேள்வி பபிளைப் பற்றி. பபிள் நடுவில் இல்லாமல் கருவியின் செங்குத்து அச்சு சாய்ந்தால் வரும் பிழையும் ஃபேஸ் மாற்றினால் போகாது.